தாதியர் மீது முறைப்பாடு வந்தால்: திருகோணமலையில் பணிபுரிவோருக்கான முழுமையான வழிகாட்டி

ஒழுக்காற்று விசாரணைகளில் தாதியரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அவர்கள் தம் கையாலேயே எழுதிக்கொடுத்த ஒன்றரைப் பக்கம்தான். சாட்சிகள், குற்றப்பத்திரம், விசாரணை அதிகாரி எல்லாம் பிறகு வருபவை. முறைப்பாடு எழுந்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள், பயத்திலோ கோபத்திலோ எழுதிய விளக்கக் கடிதம் கோப்பின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு வருடம் கழித்து அதை எடுத்து வாசித்துக் காட்டும்போது மறுக்க வழியிருக்காது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி அந்த முதல் நாட்களைப் பற்றியது.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டை ஆதார வைத்தியசாலைகள், நிலாவெளி, குச்சவெளி போன்ற இடங்களிலுள்ள சிறிய வைத்தியசாலைகள் ஆகியவற்றில் பணிபுரியும் அரச தாதிய உத்தியோகத்தர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். தனியார் வைத்தியசாலையில் இருப்பவர்களுக்கான சட்டம் வேறு. அதற்குக் கடைசியில் தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் முதல் நாட்களில் செய்யவேண்டியவை இரு தரப்புக்கும் ஒன்றே.

அழைப்பு வந்த அன்று

பொதுவாக இப்படித்தான் தொடங்கும். மேட்ரன் அறைக்கு வரச் சொல்வார்கள். "ஏழாம் விடுதி நோயாளியின் மகன் பணிப்பாளரிடம் கடிதம் கொடுத்திருக்கிறார். ஒன்றுமில்லை, நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், இங்கேயே முடித்துவிடலாம்." சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். ஆனாலும் அன்றைய நாளில் உங்கள் காதில் விழும் சொற்களிலேயே ஆபத்தானவை இவைதான். எது முடியும், எது முடியாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்த அறையில் இல்லை. மேலே போன கடிதம் மேலேயே நகரும். நீங்கள் எழுதிய நாலு வரியும் கூடவே போகும்.

அங்கே சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "மேட்ரன், விளக்கம் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. எந்தத் திகதி, எந்த நோயாளி, என்ன முறைப்பாடு என்று எழுத்தில் கேளுங்கள். நான் எழுத்தில் பதில் தருகிறேன்." இதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. குரல் மட்டும் உயரக்கூடாது. அந்த அறையில் அழுததையும் கத்தியதையும் நேரில் பார்த்த சாட்சியாகப் பின்னர் ஒருவர் வந்து சொல்லக்கூடும்.

கடிதம் கையில் கிடைத்ததும், கிடைத்த திகதியையும் நேரத்தையும் அதிலேயே குறித்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பதிலளிக்கக் கொடுத்த அவகாசம் போதாவிட்டால், அவகாசம் முடிவதற்கு முன்பே நீடிப்புக் கேட்டு எழுதுங்கள். கெடு முடிந்த பிறகு கேட்பது, பதில் சொல்லத் தவிர்த்தது போல் தோன்றும்.

பதிவேட்டில் கை வைக்காதீர்கள்

அதிகாலை இரண்டு மணிக்குப் பார்த்த இரத்த அழுத்தத்தை எழுத மறந்துவிட்டீர்கள். பார்த்தது உண்மை. பி.எச்.ரி. (நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகள் பதியப்படும் கட்டில் தலைச்சீட்டு) இன்னும் விடுதி மேசையில்தான் கிடக்கிறது, பேனாவும் பக்கத்தில் இருக்கிறது. நிரப்பிவிட்டால் என்ன என்று மனம் சொல்லும்.

நிரப்பாதீர்கள். விடுபட்ட ஒரு பதிவு கவனக்குறைவு; அதற்கு எச்சரிக்கையோடு தப்பலாம். முறைப்பாடு வந்த பிறகு நிரப்பிய பதிவு ஆவணத்தைத் திரித்தது. அதற்கு வேலையே போகலாம். விசாரணைக்கு வருபவர்கள் மையின் நிறத்தையும், வரிகளுக்கிடையே நெருக்கி எழுதியதையும், வைத்தியரின் குறிப்புக்கு மேலே திடீரென முளைத்த ஒரு வரியையும் பார்த்துப் பழகியவர்கள். விடுபட்டதை விளக்கக் கடிதத்தில் சொல்லுங்கள்: "இரண்டு மணி அளவீட்டை எடுத்தேன், பதிய விடுபட்டது." பதிவேட்டில் பிற்பதிவு அவசியம்தான் என்றால், மேலதிகாரியின் எழுத்து அனுமதியோடு, எழுதும் நாளின் திகதியையும் நேரத்தையும் போட்டு, பிற்பதிவு என்று தெளிவாகக் குறிப்பிட்டு எழுதவேண்டும்.

பி.எச்.ரி.யைக் கைத்தொலைபேசியில் படமெடுப்பதும் தவிர்க்கவேண்டியது. நோயாளியின் இரகசியத்தை வெளியே கொண்டுபோனதாக இரண்டாவது குற்றச்சாட்டு வந்துவிடும். சரியான வழி, ஆவணங்களைப் பாதுகாப்பில் எடுக்குமாறு அன்றைக்கே நிறுவனத் தலைவருக்கு ஒரு கடிதம் கொடுப்பது. அதில் எவையெவை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: பி.எச்.ரி., மருந்து வழங்கல் தாள், கடமை அட்டவணை, கடமை கையளிப்புப் புத்தகம், அன்றைய நோயாளிகளின் எண்ணிக்கைப் பதிவு, அபாயகர மருந்து சம்பந்தப்பட்டிருந்தால் அதற்கான பதிவேடு, கண்காணிப்புக் கமரா இருந்தால் அதன் பதிவு. கமராப் பதிவைக் கேட்பதில் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். பெரும்பாலான கருவிகள் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் ஒன்றும் இருக்காது.

இவற்றில் பலரும் மறப்பது எண்ணிக்கைப் பதிவையும் கடமை அட்டவணையையும்தான். அன்றிரவு விடுதியில் எத்தனை நோயாளிகள், எத்தனை தாதியர் என்பதைக் காட்டும் இரண்டு தாள்கள், "நான் கடுமையாக வேலை செய்பவள்" என்று நீங்கள் எழுதும் பத்து வரிகளைவிடப் பெறுமதியானவை.

வீட்டுக்குப் போனதும்

தூங்குவதற்கு முன் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் மணிக்கூட்டு வரிசையில் எழுதிவிடுங்கள். யார் எங்கே நின்றார்கள், எந்தக் கட்டிலருகே, யார் என்ன சொன்னார்கள், அந்த நேரத்தில் வேறு எந்த நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்பவையெல்லாம் அதில் வரட்டும். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள். இது உங்களுக்கான குறிப்பு, யாருக்கும் கொடுப்பதற்கில்லை. கூடக் கடமையில் இருந்தவரோடு உட்கார்ந்து கதையைப் பொருத்திக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு வாக்குமூலங்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் விசாரிப்பவர் இரண்டையுமே நம்பமாட்டார்.

யாரிடம் பேசலாம், யாரிடம் கூடாது

உங்கள் தொழிற்சங்கத்தின் கிளைப் பொறுப்பாளரிடம் உடனே பேசுங்கள். பல வருடச் சந்தா கட்டியது இந்த நாளுக்காகத்தான். மரணம், பாலியல் குற்றச்சாட்டு, மருந்து காணாமற்போனது, பணம் ஆகியவற்றில் ஏதாவது சம்பந்தப்பட்டிருந்தால் சட்டத்தரணி ஒருவரையும் அன்றைக்கே பாருங்கள். கையில் பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் தகுதியைக் கேட்டுப் பார்க்கலாம்.

முகநூலில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். அரச உத்தியோகத்தருக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயம் அரச உத்தியோகத்தர் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. சங்கத்து வட்ஸ்அப் குழுவிலும் அடக்கம் தேவை. அங்கே எழுதியது படமாகி முறைப்பாட்டாளரின் கையில் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் போதும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை. திருகோணமலை சிறிய ஊர். முறைப்பாடு கொடுத்தவர் உங்கள் மச்சாளின் அயலவராக இருப்பார். அல்லது உங்கள் பிள்ளையின் ஆசிரியராக இருப்பார். இரண்டு நாளில் ஒரு பெரியவர் வீடு தேடி வருவார். கோயில் தர்மகர்த்தாவோ, பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ளவரோ, ஓய்வுபெற்ற அதிபரோ யாராகவும் இருக்கலாம். "தம்பி நமக்குத் தெரிந்த பையன்தான், நான் பேசி முடித்துத் தருகிறேன், நீங்கள் ஒருக்கால் வந்து மன்னிப்புக் கேட்டால் போதும்" என்பார். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்புங்கள், கூடப் போகாதீர்கள். முறைப்பாட்டாளரின் வீட்டுப் படியேறியது சாட்சியை மிரட்டியதாகவோ விலைபேசியதாகவோ மாறிவிடும். அங்கே கேட்ட மன்னிப்பு குற்ற ஒப்புதலாகவே எண்ணப்படும். அவர் தாமாகவே முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றாலும் நிர்வாகம் விசாரணையைத் தொடரலாம்.

வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவது மற்றொரு பொறி. அவமானத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டால், அனுமதியின்றி வராததற்காகப் பதவியை வறிதாக்கியதாக, அதாவது நீங்களே வேலையை விட்டுவிட்டதாகக் கருதி, கடிதம் வரலாம். முறைப்பாட்டில் நிரபராதியாக இருந்தாலும் வேலை அந்த வழியில் போய்விடும். உடல்நிலையோ மனநிலையோ சரியில்லை என்றால் மருத்துவச் சான்றிதழோடு முறையாக விடுமுறை கேளுங்கள்.

விளக்கக் கடிதம்

இங்கே சற்று நிற்போம். எடுத்துக்காட்டுக்காக ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்வோம். இரவுக் கடமையில், நீரிழிவு நோயாளி ஒருவருக்குச் சீனி இறங்கிவிட்டது. தாதி வைத்தியரை அழைக்கவில்லை, தன்னைத் தூஷண வார்த்தையால் ஏசினார் என்று மகன் முறையிட்டிருக்கிறார். பயத்தோடு எழுதும் கடிதம் இப்படி இருக்கும்:

"அன்று இரவு நான் மிகவும் களைப்பாக இருந்தேன். நோயாளியின் மகன் குடிபோதையில் கத்தியதால் எனக்கும் கோபம் வந்துவிட்டது. வைத்தியரும் அழைத்தவுடன் வருவதில்லை. நோயாளிக்கு உரிய கவனிப்பு வழங்கப்பட்டது. ஏதும் தவறு நடந்திருந்தால் பெரிய மனதுடன் மன்னிக்கவும்."

ஐந்து வசனங்கள், ஆறு கண்ணிகள். களைப்பு என்றால் கடமை செய்ய இயலாத நிலையில் இருந்தீர்கள் என்று ஆகிறது. குடிபோதை என்பதற்கு உங்களிடம் சான்றில்லை. முறைப்பாட்டாளர் மேலும் கொதிப்பார். கோபம் வந்ததை ஒப்புக்கொண்ட பிறகு, ஏசவில்லை என்று யாரும் நம்பமாட்டார்கள். வைத்தியரைக் குறை சொன்னதால், "தாதி என்னை அழைத்தார்" என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை எதிரியாக்கிக்கொண்டீர்கள். "உரிய கவனிப்பு" என்பதில் நேரமும் இல்லை, செயலும் இல்லை. கடைசியில், எது என்று சொல்லாமலேயே எல்லாவற்றுக்கும் மன்னிப்பு!

அதே சம்பவத்தை இப்படி எழுதலாம்:

"குறித்த இரவில் நான் இவ்விடுதியில் கடமையில் இருந்தேன். விடுதியில் 46 நோயாளிகளும் கடமையில் தாதிய உத்தியோகத்தர் இருவரும் இருந்தனர். அதிகாலை 2.10 மணிக்கு, 14ஆம் கட்டில் நோயாளிக்கு வியர்ப்பதாக அவரது மகன் வந்து சொன்னார். 2.15க்கு குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 52 காட்டியது. 2.18க்கு உள்ளகத் தொலைபேசியில் கடமை வைத்தியரை அழைத்தேன். 2.30க்கு அவர் வந்து பார்வையிட்டு எழுதியபடி டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றப்பட்டது. 2.45க்கு அளவு 118. இவை பி.எச்.ரி.யில் பதியப்பட்டுள்ளன. வைத்தியர் வரும்வரை மகன் உரத்த குரலில் பேசினார். 'வைத்தியரை அழைத்துவிட்டேன், நீங்கள் அப்பாவின் பக்கத்தில் இருங்கள்' என்று சொன்னேன். முறைப்பாட்டில் கூறப்படும் சொற்களை நான் சொல்லவில்லை. அவ்வேளை விடுதியில் சக தாதிய உத்தியோகத்தரும் சுகாதார உதவியாளர் ஒருவரும் இருந்தனர்."

இதில் கெஞ்சலும் இல்லை, குற்றஞ்சாட்டலும் இல்லை. கேட்ட குற்றச்சாட்டுகளுக்கு மட்டும் பதில் இருக்கிறது. கேட்காத எதையும் எழுதாதீர்கள். போன மாதம் இன்னொருவர் செய்ததும், விடுதியில் யாருக்கு யாரோடு பகை என்பதும் இந்தக் கடிதத்துக்கு உரியவை அல்ல. எழுதி முடித்ததும் ஒரு இரவு வைத்திருந்து, காலையில் சங்கத்தாருக்கோ சட்டத்தரணிக்கோ காட்டிவிட்டுக் கொடுங்கள். கையளிக்கும்போது பிரதியில் முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

தவறு உண்மையாகவே நடந்திருந்தால் என்ன செய்வது? மருந்து மாறிப் போயிருந்தால் முதலில் நோயாளி, பிறகுதான் கடிதம். வைத்தியருக்கு உடனே சொல்லியிருக்கவேண்டும். சொல்லாவிட்டால் இப்போதாவது சொல்லுங்கள். மறைத்ததால் நோயாளிக்கு வரும் கேட்டை எந்தச் சட்டத்தரணியும் சரிசெய்யமாட்டார். கடிதத்தில் நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொள்ளுங்கள். எப்போது கண்டுபிடித்தீர்கள், யாருக்கு அறிவித்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பதைச் சேருங்கள். ஒரேமாதிரித் தோற்றமுள்ள இரண்டு மருந்துகள் ஒரே தட்டில் இருந்தன என்றால் அதுவும் உண்மைதான், எழுதலாம். ஆனால் செய்யாத ஒன்றை, வேண்டுமென்றே செய்ததாகவோ அலட்சியமாகச் செய்ததாகவோ சித்திரிக்கும் சொற்களை யாருடைய வற்புறுத்தலுக்காகவும் எழுதவேண்டாம். மரணமோ பாரிய பாதிப்போ நிகழ்ந்திருந்தால் சட்டத்தரணி பார்க்காமல் ஒரு வரியும் போகக்கூடாது.

ஆண் தாதியர் கவனிக்கவேண்டிய ஒன்று. பெண் நோயாளியைத் தொட்டது பற்றிய முறைப்பாட்டுக்கு, "எனக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள்" என்று தொடங்கும் கடிதம் எதையும் நிறுவாது. என்ன சிகிச்சைக்காக, யாருடைய அறிவுறுத்தலின்படி, எந்த இடத்தைத் தொட்டீர்கள், திரை மூடப்பட்டிருந்ததா, கூட யார் நின்றார், நோயாளியிடம் முன்கூட்டிச் சொன்னீர்களா என்பவைதான் கேள்விகள். முறையிட்ட பெண்ணின் நடத்தையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். அறம் ஒருபுறமிருக்க, விசாரிப்பவரின் மனதை அது உங்களுக்கு எதிராகவே திருப்பும்.

ஆரம்ப விசாரணையும் மொழியும்

விளக்கம் திருப்தியில்லை என்றால் ஆரம்ப விசாரணை ஒன்று நடக்கும். இது தீர்ப்புக்கானதல்ல, குற்றப்பத்திரம் வரைய முகாந்திரம் இருக்கிறதா என்று பார்த்து வாக்குமூலங்கள் பதிவதற்கானது. உங்களிடமும் வாக்குமூலம் எடுப்பார்கள்.

நமது மாவட்டத்தில் மூன்று சமூகங்களும் ஒரே விடுதியில் வேலை செய்கின்றன. விசாரிக்க வருபவர் கொழும்பிலிருந்து வரலாம். அவர் கேட்பது சிங்களத்தில், நீங்கள் சொல்வது தமிழில், பக்கத்தில் நிற்பவர் அரைகுறையாக மொழிபெயர்ப்பது, எழுதப்படுவது மறுபடியும் சிங்களத்தில் என்று ஆகிவிடும். "சத்தமாகச் சொன்னேன்" என்பது "சத்தம் போட்டேன்" என்று எழுதப்பட்டால் உங்கள் கதை முடிந்தது.

அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் இதைத் தெளிவாக்கியது. தமிழில் வாக்குமூலம் கொடுக்கவேண்டும் என்று கேட்பது சலுகை கோருவதல்ல. பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். முடிந்தால் உங்கள் கையாலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள். வேறு மொழியில் பதிந்தே ஆகவேண்டும் என்றால், வரிக்கு வரி வாசித்து விளக்கிய பிறகே கையொப்பமிடுங்கள். கையொப்பத்துக்கு மேலே "இது சிங்களத்தில் எழுதப்பட்டு, இன்னாரால் எனக்குத் தமிழில் விளக்கப்பட்டது" என்று உங்கள் எழுத்தில் சேருங்கள். விளக்கப்படாவிட்டால் அதையும் எழுதுங்கள். சிங்களம் நன்றாகப் பேசுவேன் என்ற பெருமையை அன்று ஒதுக்கிவையுங்கள். சந்தையில் பேசுவதும் வாக்குமூலத்தை வாசித்து எடைபோடுவதும் வேறு வேறு.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையொப்பம், திருத்திய இடங்களில் சுருக்கொப்பம், வெற்றிடம் இருந்தால் குறுக்குக் கோடு.

இடமாற்றம், பணி இடைநிறுத்தம்

விசாரணைக் காலத்தில் வேறு விடுதிக்கோ வேறு வைத்தியசாலைக்கோ அனுப்பலாம். தண்டனை என்று எடுத்துக்கொண்டு சண்டை போடுவதில் பயனில்லை. "விசாரணையின் முடிவுக்குப் பாதகமின்றி" ஏற்பதாக எழுதிவிட்டுப் போய்க் கடமையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பணி இடைநிறுத்தம் பாரதூரமான விடயம். அந்தக் காலத்தில் சம்பளத்தில் பாதி கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். குற்றச்சாட்டின் தன்மையையும் ஒழுக்காற்று அதிகாரியின் உத்தரவையும் பொறுத்தது. கடிதத்தில் அதைத்தான் முதலில் பாருங்கள். வங்கிக் கடன் சம்பளத்திலிருந்து கழிபடுவதாக இருந்தால் வங்கி முகாமையாளரிடம் நீங்களே முந்திக்கொண்டு போய்ப் பேசுங்கள். வேறு வேலையில் சேர்வதற்கோ வெளிநாடு போவதற்கோ முன் அனுமதி பற்றிக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குற்றப்பத்திரம்

அரச உத்தியோகத்தருக்கான ஒழுக்காற்று நடைமுறை தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில், 48ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதை ஒருமுறையாவது முழுதாக வாசித்துவிடுங்கள். அலுப்பான வாசிப்புத்தான், ஆனால் உங்களை விசாரிப்பவர்களில் சிலர் அதை வாசித்திருக்கமாட்டார்கள். குற்றங்கள் இரண்டு அட்டவணைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதலாம் அட்டவணையில் உள்ளவை பாரதூரமானவை, சேவையிலிருந்து நீக்கப்படும் அளவுக்குப் போகக்கூடியவை. இரண்டாம் அட்டவணை அதைவிட இலேசானது. உங்கள் மீதான குற்றச்சாட்டு எந்த அட்டவணையின் கீழ் வருகிறது என்பதிலிருந்தே எவ்வளவு பயப்படவேண்டும் என்று கணக்கிடலாம்.

கையொப்பமிட்டவர் யார் என்பதையும் பாருங்கள். உங்கள் நியமனக் கடிதத்தையும் பதவியுயர்வுக் கடிதங்களையும் எடுத்து, உங்கள் தரத்துக்கு ஒழுக்காற்று அதிகாரம் உள்ளவர் யார் என்று சரிபாருங்கள். மத்திய அமைச்சு ஒருபுறம், மாகாண நிருவாகம் ஒருபுறம் என்று சுகாதாரத் துறை பிரிந்து கிடக்கும் நம் ஊரில் இது சும்மா ஒரு நுணுக்கமல்ல. அதிகாரமில்லாதவர் கொடுத்த குற்றப்பத்திரத்தை அந்தக் காரணத்துக்காகவே எதிர்க்கலாம்.

குற்றப்பத்திரத்தோடு சாட்சிகளின் பட்டியலும் ஆவணங்களின் பட்டியலும் இருக்கவேண்டும். பதிலளிக்குமுன் அந்த ஆவணங்களைப் பார்வையிடக் கேட்டு எழுதுங்கள். பார்க்கப் போகும்போது சங்கத்தார் ஒருவரை அழைத்துப் போய், என்ன இருந்தது, என்ன இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத ஆனால் உங்களுக்குத் தேவையான சுற்றறிக்கைகளுக்கும் கடமை அட்டவணைகளுக்கும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். மற்ற நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்களைக் கேட்காதீர்கள், அவை மறுக்கப்படும்.

பதில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று இருக்கட்டும். விரிவான கதை வேண்டாம். அதைத்தான் விளக்கக் கடிதத்தில் சொல்லிவிட்டீர்களே.

முறையான விசாரணை

நிர்வாகத்தின் தரப்பை நடத்த ஓர் உத்தியோகத்தர் இருப்பார். உங்கள் சார்பில் பேசவும் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். யாரை வைக்கலாம் என்பதற்கு விதிகள் உண்டு. சங்கத்தோடு பேசித் தேர்ந்தெடுங்கள். சத்தமாகப் பேசுபவரைவிட ஆவணங்களை ஒழுங்காக அடுக்கத் தெரிந்தவரே மேல்.

சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கும்போது நோக்கம் சிறியதாக இருக்கட்டும். மகன் பொய் சொல்கிறார் என்று நிறுவவேண்டியதில்லை. அவர் எங்கே நின்றார், அங்கிருந்து தொலைபேசி இருக்கும் மேசை தெரியுமா, வைத்தியர் வந்ததை ஒப்புக்கொள்கிறாரா, வைத்தியரை யார் அழைத்திருக்கமுடியும்? இவ்வளவு போதும். கண்ணீரோடு இருக்கும் ஒருவரைக் கேள்விகளால் குத்தினால் அனுதாபம் அந்தப் பக்கம்தான் போகும்.

நீங்கள் சாட்சியம் கொடுக்கும்போது கேட்டதற்கு மட்டும் பதில். "நினைவில்லை, பதிவேட்டைக் காட்டினால் சொல்கிறேன்" என்பது கௌரவமான பதில்தான். அன்றன்றைய நடவடிக்கைக் குறிப்பில் தவறிருந்தால் அன்றைக்கே திருத்தக் கேளுங்கள். தமிழில் நடத்தவேண்டும் என்பதை முதல் நாளிலேயே எழுத்தில் கேட்டிருக்கவேண்டும். மூன்றாம் அமர்வில் கேட்டால் இழுத்தடிப்பதாகச் சொல்வார்கள்.

பொலிஸும் தாதியர் சபையும்

இவை தனித்தனித் தடங்கள். பொலிஸில் முறைப்பாடு இருந்தால் அழைத்ததும் போகவேண்டும், சட்டத்தரணியோடு. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கமுடியாது. அந்தத் தைரியத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். முரண்பாடுகள் வேறு வழிகளில் தலைகாட்டும். நீதிமன்றம் விடுவித்தாலும் ஒழுக்காற்று விசாரணை தானாக முடிந்துவிடாது. அங்கே வேண்டிய நிரூபணத்தின் அளவு குறைவு.

1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைத் தாதியர் சபைச் சட்டத்தின் கீழான உங்கள் பதிவு இன்னொரு விடயம். அங்கிருந்து கடிதம் வந்தால், வைத்தியசாலைக்குக் கொடுத்த அதே விளக்கத்துக்கு முரணில்லாமல் பதில் கொடுங்கள்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவுக் கடிதம் கைக்கு வந்த நாள்தான் எல்லாக் கெடுக்களுக்கும் தொடக்கம். உறையையும் பத்திரப்படுத்துங்கள், தபால் முத்திரை தேவைப்படும். உங்கள் ஒழுக்காற்று அதிகாரி யார் என்பதைப் பொறுத்து மேன்முறையீடு அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குப் போகும். ஆணைக்குழுவின் தீர்மானத்துக்கு எதிராக, 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை இருக்கிறது.

அடிப்படை உரிமை மீறல் என்று கருதினால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். மேன்முறையீட்டின் பதிலுக்காகக் காத்திருந்தே அந்த ஒரு மாதத்தைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருப்பதால், இதற்காக இரவு ரயிலில் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். இலக்கமும் அழைப்புக் கடிதங்களும் கோப்பில் இருக்கட்டும்.

தனியார் வைத்தியசாலையில் பணிபுரிந்தால்

தாபன விதிக்கோவை உங்களுக்குப் பொருந்தாது. நியமனக் கடிதமும் தொழிற் சட்டங்களும்தான் துணை. "நீங்களே இராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தால் நல்ல சேவைச் சான்றிதழ் தருகிறோம்" என்று சொல்வார்கள். அந்த மேசையிலேயே கையொப்பமிடாதீர்கள். விலகியவர், தன்னை விலக்கியதாக வழக்குப் பேசுவது கடினம்.

பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஒழுக்காற்றுக் காரணத்துக்காக உங்களை நீக்கினால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். நீக்கம் அநியாயமானது என்றால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயமன்றில் விண்ணப்பிக்கலாம். ஐந்து வருடச் சேவை முடித்திருந்தால் பணிக்கொடை உரிமை உண்டு. மோசடி, கையாடல், நிறுவனத்தின் சொத்துக்கு வேண்டுமென்றே விளைவித்த சேதம் போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டால் மட்டுமே, அதுவும் ஏற்பட்ட இழப்பின் அளவுக்கே, அதில் கை வைக்கலாம். முறைப்பாடு ஒன்று வந்துவிட்டது என்பதற்காக ஊழியர் சேமலாப நிதியைப் பிடித்துவைக்க எவருக்கும் அதிகாரமில்லை.

விடுவிக்கப்பட்டால்

மகிழ்ச்சியில் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். உத்தரவில் நான்கு விடயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிப்பு, இடைநிறுத்தக் காலத்தில் நிறுத்திவைத்த சம்பளம், அந்தக் காலத்துக்குரிய சம்பள ஏற்றங்கள், சேவைக் காலத்தில் இடைவெளி இல்லை என்ற குறிப்பு. ஒன்று விடுபட்டிருந்தாலும் உடனே எழுதிக் கேளுங்கள். பதவியுயர்வு நேர்முகத்தில் ஐந்து வருடம் கழித்து அது தலைதூக்கும்போது, அன்றிருந்த எழுதுவினைஞர் மாற்றலாகிப் போயிருப்பார். அடுத்த விடுமுறை நாளுக்குள் அலுவலகத்துக்குப் போய், விடுவிப்பு உத்தரவின் பிரதி உங்கள் சுயவிவரக் கோப்பில் சேர்ந்துவிட்டதா என்று கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.